கவ்வாத்து மிளாறுக்கு விலை பேசிய கதை: பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு மேலே

போன மாதம் ஒரு தம்பி கடிதம் எழுதியிருந்தார். ஊவாத் தோட்டங்களில் வீணாகப் போகும் கிளை, குச்சிகளை எரித்து மின்சாரம் எடுக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் எப்படிப் போவது, எந்த மாதம் நல்லது, யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். ஒரு பக்கக் கடிதத்தில் பயோமாஸ் என்ற சொல் பதினொரு தடவை வந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். வியாபாரி புத்தி, என்ன செய்வது.

அந்தத் தொழிலை நான் செய்திருக்கிறேன். அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. விறகு என்றுதான் சொன்னோம். அதற்காக 1981 டிசம்பரில் ஒரு நாள் மேலே போய் வந்ததை இங்கே எழுதுகிறேன். தம்பிக்கு வழியும் தெரியவரும், மற்றதும் தெரியவரும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

முதலில் ஏன் போனேன் என்பது. நான் பதுளை டவுனில் வெறுஞ்சாக்கு வாங்கி விற்று முன்னுக்கு வந்தவன். சாக்கிலிருந்து பேக்கரி விறகு, பேக்கரி விறகிலிருந்து ஒரு லொறி. அந்தக் காலத்தில் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. தேயிலையைக் காயவைக்கும் அடுப்புகளை எண்ணெய்க்கு மாற்றியிருந்த தொழிற்சாலைகள் எல்லாம் திரும்பவும் விறகைத் தேடின. நான் மொனராகலைப் பக்கத்திலிருந்து ஏற்றி வந்தேன். முப்பத்தேழு கட்டை தூரம், கட்டை என்றால் மைல். பசறை ஏற்றத்தில் லொறி முனகிக்கொண்டு வரும்போது, பின்னால் இருக்கிற விறகைவிட முன்னால் எரிகிற டீசல்தான் அதிகம் என்று தோன்றும்.

அப்படி ஒரு நாள் ஸ்பிரிங்வெளி வழியாக வரும்போது கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலைச் செடியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டி விழுந்த கிளைகளுக்கு மிளாறு என்று பெயர். மலை முழுக்க மிளாறு கிடந்தது. விரல் தடிப்பிலிருந்து மணிக்கட்டுத் தடிப்பு வரை. எரிய வைத்தால் சுள்ளென்று எரியும், நல்ல சூடு. யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்தேன். ஒரு காட்டு மரத்தை வெட்ட வேண்டாம், மூன்று கட்டை தூரத்துக்குள்ளேயே தொழிற்சாலை.

தோட்டத் தொரையிடம் பேசி ஒப்பந்தம் போட்டேன். தொரை என்றால் தோட்ட நிர்வாகி. ஆறு மலைகளின் மிளாறு முழுவதும் எனக்கு. நான் வெட்டி, காயவைத்து, கட்டுக் கட்டித் தொழிற்சாலை அடுப்புக்குக் கொடுக்க வேண்டும். வெளியே ஒரு குச்சி போகக்கூடாது. மிளாறை அளவாக நறுக்க ஒரு மெஷின் வாங்கினேன். கொழும்பிலிருந்து வந்த ஓர் அதிகாரி பார்த்துவிட்டு, "இது சாதாரண விறகு வியாபாரம் இல்லை முதலாளி, இது ஒரு புதுத் தொழில்" என்றார். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

பிறகு மழை தொடங்கியது. தோட்டத்தில் நான் போட்டிருந்த கொட்டகையில் அடுக்கியிருந்த கட்டுகள் குறையத் தொடங்கின. முதலில் ஐந்து ஆறு. பிறகு ஒரே இரவில் இருபது. எனக்குக் கோபம் வந்தது. "களவு போகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று தொரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரிதான். பதினைந்து நாளாகியும் பதில் இல்லை. என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்குப் பதுளையில் லொறியை எடுத்தோம். சாரதி ராமையா. ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். வாய்த்துடுக்கு. நல்ல மழை. டவுனில் கிழக்குப் பக்கம் ஏறினால் முதல் மூன்று கட்டைக்குப் பாதை பரவாயில்லை, அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. பஸ்ஸில் போனால் அன்றைக்கு ஒரு ரூபா எண்பது சதம், ஒரு மணி பத்து நிமிடம். பஸ்ஸில் போகிறவர்கள் இடது பக்க யன்னலில் உட்காருங்கள், பதுளைப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது லொறியின் துடைப்பான் மட்டும்தான்.

ஸ்பிரிங்வெளிக் கடைத்தெருவில் ஆறே முக்காலுக்கு நிறுத்தினோம். பால் விடாத ஒரு பிளேன்டியும் ஒரு பணிஸ் ரொட்டியும் ஆளுக்கு ஒரு ரூபா இருபத்தைந்து. கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் மிளாறு மொதலாளியா?"

ஆமாம் என்றேன். அவர் சில்லறையை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். ராமையா லொறியில் ஏறும்போது, "பேரு நல்லாப் பரவியிருக்கு மொதலாளி" என்றான்.

அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்றரைக் கட்டை. இரண்டாவது கட்டையில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. லொறியை ஓரம் கட்டிவிட்டு நடந்தோம். அட்டைக் கடி. சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு வர மறந்திருந்தேன், நீங்கள் மறக்க வேண்டாம். ஒன்றரைக் கட்டை ஏற்றத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் எடுத்தது.

எட்டே காலுக்குக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். காவல்காரர் செபஸ்தியான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அடுக்கில் கால் பங்கு இல்லை.

"ஆள் பிடிச்சாச்சுங்க" என்றார். சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை. "முத்தம்மான்னு ஒரு பொம்பள. மேல் லயம். முந்தாநாள் ஒரு கட்டோட நானே பிடிச்சேன். தொரை இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குப் பேரு வெட்டுறாரு."

பேர் வெட்டுவது என்றால் வேலையாட்கள் பதிவிலிருந்து பெயரை நீக்குவது. பெயர் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையும் போகும். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக இருக்கிற வீடு. குடும்பத்துக்கு ஓர் அறை. அது தோட்டத்துக்குச் சொந்தம்.

"ஒரு கட்டுக்கா?" என்றேன்.

"நீங்கதானே மொதலாளி கடுதாசி எழுதுனீங்க."

அலுவலகத்துக்குப் போகும் வழியிலேயே அவளைப் பார்த்தேன். காலை ஆறு மணிப் பெரட்டில், அதுதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. அப்போதிலிருந்து அலுவலக முன்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். தலையில் போட்டிருந்த மழைப் படங்கு சொட்டிக்கொண்டிருந்தது. என்னை யாரென்று எப்படித் தெரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை, எழுந்து நின்றாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"வாங்க நானா. எங்க அடுப்பத் தூக்கிட்டுப் போனது நீங்க. திருடுனேன்னு கடுதாசி போட்டதும் நீங்க. இப்பத்தான் மொகத்தப் பாக்குறேன். நல்லாத்தான் இருக்கீங்க."

நானா என்றால் அண்ணன், டவுன் முஸ்லிம் வியாபாரிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராமையா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுப்பா? நான் வாங்கினது மிளாறு, புள்ள" என்றேன்.

"அதத்தான் சொல்றேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பதுளையில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவனுக்கு, பத்துக் கட்டை தூரத்தில் இருந்த வழக்கம் தெரியவில்லை. கவ்வாத்து முடிந்ததும் மிளாறு லயத்துக்குப் போகும். பெண்கள் வேலை முடிந்து இறங்கும்போது ஆளுக்கொரு தலைச்சுமை கொண்டுபோய்க் கூரை இறவாணத்தில் அடுக்கி வைப்பார்கள். மழைக்காலம் முழுக்க அதில்தான் சமையல். எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. தொரைமார் யாரும் கொடுத்தது இல்லை, தடுத்ததும் இல்லை. நான் எழுத்தில் வாங்கியதால் முதல் முறையாக அது களவு ஆனது.

"வந்து பாருங்க" என்றாள் முத்தம்மா. "பன்னெண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல."

மேல் லயம் இருநூறு படி ஏற்றம். ஒன்பது மணி இருக்கும். மற்ற நாட்களில் லயக் கூரை முழுக்கப் புகை நிற்கும், அன்றைக்கு இரண்டு அறைகளில்தான் புகை இருந்தது. அதுவும் கறுப்புப் புகை, மூக்கைப் பிடித்துக்கொள்ள வைக்கும் நாற்றம்.

"செருப்பு எரியுது" என்றாள். "பழைய ரப்பர் செருப்பு. ரொட்டி சுடலாம். ஆனா ரொட்டியும் செருப்பு மாதிரித்தான் இருக்கும்."

பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள். "கக்கூஸ் கதவச் சொல்லு அக்கா."

"ஆமாங்க. கக்கூஸ் கதவு ரெண்டு நாளைக்கு வந்துச்சு. நல்ல பலகை. இப்ப யாராச்சும் போனா வெளிய நின்னு பாட்டுப் பாடணும், ஆள் இருக்குன்னு தெரியுறதுக்கு."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தன் அறையைக் காட்டினாள். அடுப்பில் ஈர மண். பாத்திரத்தில் பிசைந்து வைத்த கோதுமை மா. மூன்று பிள்ளைகள் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. அரைவேக்காட்டு ரொட்டி தின்று வந்தது. கணவன் இறந்து இரண்டு வருடம். அறை அவள் பெயரில்.

"அந்தக் கட்டு எடுத்தது மெய்தான்" என்றாள். இப்போது குரலில் கிண்டல் இல்லை. "தொழிலாளர் சங்கத் தலைவரு போய்ப் பேசிட்டாரு. தொரை, 'கடுதாசி எழுதுனவரு வந்து, நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா விட்டுர்றேன்'னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான் நானா. ஒரு வரி."

"பேசுறேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

முத்தம்மாவை அலுவலக முன்படியில் விட்டுவிட்டுப் பதினொன்றரைக்குத் தொரையைப் பார்த்தேன். சிங்களவர், நாற்பது வயது, மரியாதையான ஆள். நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"முதலாளி, எழுதுறதுக்குத் தடை இல்லை" என்றார். "நீங்க சொல்லி அவ எடுத்தான்னா அது களவு இல்லை. நான் பேரு வெட்ட மாட்டேன். ஆனா நம்ம ஒப்பந்தத்துல என்ன இருக்கு? வெளிய ஒரு குச்சி போகக்கூடாது. நீங்களே குடுத்தேன்னு எழுதினா ஒப்பந்தம் அந்த நிமிஷமே முடிஞ்சிரும். நாளைக்கு நாற்பது பேரு வருவாங்க, எங்களுக்கும் சொன்னாருன்னு. அப்ப ஸ்டோர் அடுப்புக்கு நான் எங்க போவேன்?"

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். யன்னலுக்கு வெளியே அதன் புகைபோக்கி தெரிந்தது. வெள்ளைப் புகை, சுத்தமான புகை. என் மிளாறு எரிந்துகொண்டிருந்தது.

"மூணுல ஒரு பங்கை லயத்துக்கு விட்டுடுறேன்" என்றேன். "மீதிக்கு ஒப்பந்தத்தை மாத்தி எழுதுவோம்."

"அந்த ஒரு பங்குதான் இப்பவே எனக்குக் குறையுது."

"மொனராகலையிலேர்ந்து ஏத்தித் தாறேன்."

"அந்த விலைக்கா?" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே கணக்குக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "பன்னெண்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீங்களே முடிவு செய்யுங்க."

நான் பேனாவை எடுத்தேன். திகதியும் எழுதினேன். அது வரைக்கும் எழுதத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். பிறகு கொட்டகை நினைவுக்கு வந்தது, நறுக்குகிற மெஷின் நினைவுக்கு வந்தது, கொழும்பு அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. நான் விட்டால் பண்டாரவளையிலிருந்து இன்னொருவன் வருவான், அவளுக்கு அதனால் என்ன நன்மை என்று ஒரு நியாயம் வந்தது. நியாயங்கள் வரத் தொடங்கினால் அதற்குப் பஞ்சம் இருக்காது. தேநீரைக் குடித்தேன். நல்ல தேநீர், அந்த ஸ்டோரிலேயே காயவைத்தது.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். தாளை நான்காக மடித்து அதையும் பையில் வைத்துக்கொண்டேன். தொரை சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பதிவு எழுதும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

வெளியே ராமையா சுவரோரம் நின்றான். என் முகத்தைப் பார்த்தான்.

"மொதலாளி, முன்பக்கமாப் போவமா, பின்பக்கமாப் போவமா?"

"பின்பக்கம்" என்றேன்.

தேநீர் போடும் குசினி ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு, ஸ்டோருக்குப் பின்னால் இறங்கிப் பாதைக்கு வரும். அரைக் கட்டை கூடுதல். வழுக்கல். லொறிக்கு வந்து சேர ஒன்றேகால். பதுளைக்கு மூன்று மணி.   அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதோடு ராமையா வேலைக்கு வரவில்லை. கேட்டதற்கு, லொறி இருக்கை இடுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆள் விட்டுச் சொன்னான்.

தொழில் என்ன ஆனது என்று தம்பி கேட்பார். சொல்கிறேன். மிளாறு முழுவதையும் எடுத்த ஆறு மலைகளிலும் மண்ணை மூடிக் காக்க ஒன்றும் இல்லாமல் போனது. அந்த மழையே மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. எடுக்காமல் விட்டிருந்தாலும் பாதி லயத்துக்குப் போயிருக்கும், ஆனால் சின்னக் குச்சியும் இலையும் மலையிலேயே கிடந்து மக்கியிருக்கும். நான் அதையும் வாரினேன். அடுத்த வருடம் செடிகள் தளிர்த்தன, ஆனால் மெலிந்து. கொழுந்து வரத்து குறைந்ததும் அதே தொரை ஒப்பந்தத்தை நிறுத்தினார், அதே மரியாதையோடு, தேநீர் கொடுத்து. மெஷினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். நான் அன்றைக்கு எழுதியிருந்தால் இழந்திருக்கக்கூடியது எதுவோ அதைத்தான் ஒரு வருடம் கழித்து இழந்தேன். முத்தம்மாவின் பெயர் மட்டும் அந்த மத்தியானமே போய்விட்டது.

இப்போது தம்பிக்குச் சில யோசனைகள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள், பாதை உலர்ந்திருக்கும். ஆனால் தொழிலுக்காகப் போகிறவர் மழையில்தான் போக வேண்டும், நவம்பர் டிசம்பரில். தொரையையோ இன்றைய கம்பனிக்காரரையோ கடைசியாகப் பாருங்கள். முதலில் பின்னேரம் ஐந்து மணிக்கு லயத்துக்கு ஏறி, பானைக்குக் கீழே என்ன எரிகிறது என்று பாருங்கள். கேஸ் வந்துவிட்டது என்பார்கள். சிலிண்டர் காலியான வீட்டையும் எட்டிப் பாருங்கள். மரம் நட்டு, வளர்த்து, அதை வெட்டி எரிக்கிறீர்கள் என்றால் நடுகிற நிலத்தில் இப்போது யார் மரக்கறி போட்டிருக்கிறார்கள், யாருடைய மாடு மேய்கிறது என்று பாருங்கள். "வீணாகக் கிடக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த மாதத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று கேளுங்கள். இதையெல்லாம் நீங்கள் செய்வீர்கள் என்று நான் நம்பவில்லை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் செய்திருக்க மாட்டேன். புதுத் தொழில் என்று ஒருவர் சொன்னதும் காது அடைத்துப்போகும்.

எட்டு வருடம் கழித்து ஒரு முறை பஸ்ஸில் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். மேல் லயத்தில் அந்த அறையில் வேறு குடும்பம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முத்தம்மா என்று கேட்டேன். வடக்கே வவுனியாப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, மன்னார் என்றார் இன்னொருவர். "அவங்க சின்னப் பையன் போற வழியிலேயே..." என்று ஆரம்பித்த ஒரு பெண் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க யாருங்க அவங்களுக்கு?"

"தெரிஞ்ச ஆள்" என்றேன்.

நான் யாரென்று சொல்ல அவள் காத்திருந்தாள், பையனைப் பற்றி அவள் சொல்ல நான் காத்திருந்தேன். பிறகு கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. ஐந்தே முக்கால், கடைசி பஸ். அதை விட்டால் ஸ்பிரிங்வெளி வரை நடைதான். நான் இறங்கிவிட்டேன்.